மூட்டு வலிக்கு அரசு உதவித்தொகை கிடைக்குமா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன்

கேட்டவர் வருடக்கணக்காக மூட்டு வலியோடு இருப்பவர். வெளியே ஒன்றும் தெரியாததால் விண்ணப்பிக்கலாமா என்று தயங்குகிறார்.

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் வலிக்கென்று யாரும் பணம் தருவதில்லை. வலியால் உடம்புக்கு என்னென்ன முடியாமல் போனது என்பதற்குத்தான் தருகிறார்கள். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எனக்கு முடக்குவாதம். சேலம் பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் கண்ணி கோர்க்கும் வேலை பார்த்தவள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் இளகும். மத்தியானம் என்னைப் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஓர் அலுவலகத்தில், "கை கால் எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. நாள்பட்ட வலி என்று தனியாக எதுவும் கிடையாது. முடக்குவாதம், முதுகுத்தண்டு இறுகிப்போவது போன்றவற்றைக் கை கால் இயக்கக் குறைபாட்டில் சேர்த்துப் பார்ப்பார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளந்து சதவீதம் போடுவார்கள். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, மூட்டும் மடங்கும், ஆனால் உடம்பு முழுக்க வலி. சட்டம் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது என் ஆதங்கம்.

மருத்துவச் சான்று கொடுக்கும் இடத்தில் டாக்டர் என் மணிக்கட்டில் ஒரு கோணமானியை வைத்து, மேலே தூக்குங்கள், கீழே மடக்குங்கள் என்றார். அப்புறம் தன் இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார். என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று அவருக்கே தெரிந்தது.

எனக்கு முன்னால் ஏற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் நின்றபடியே இறங்கி வந்திருந்தார். "குனிஞ்சு வேலை செய்ய முடியுதாம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "செஞ்சுதானுங்களே சார் ஆகணும்" என்றார். ஒருநாள் பழம் பறித்தால் மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து எழ முடியாது, மகள்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள் என்று வரிசையில் என்னிடம் சொன்னவர், உள்ளே அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் முன்னால் தைரியம் காட்டித்தான் நமக்குப் பழக்கம். தயவுசெய்து அங்கே காட்டாதீர்கள். மோசமான நாளில் எப்படி இருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

குடம் தூக்க முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்களைத் தினமும் பார்க்கும் ஒருவரையும் கூட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, பழைய ஓபி சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தொடர்ந்து சிகிச்சையில் இருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. வலி நன்றாகத் தெரியட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

சான்றுக்கும், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதியலாம். மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ வந்து விசாரிப்பார். வருவாய்த் துறை தரும் இந்த ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. அதற்குச் சதவீதமும் அதிகம் வேண்டும்.

மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்து சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால், சதவீதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம்வரை. முதுகு டிஸ்க் விலகல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. இந்த 80 சதவீதத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அதனால் வலி தாங்காமல் வேலையை எழுதிக் கொடுப்பதற்கு முன் இதை விசாரியுங்கள். எங்கள் பட்டறையில் ஈஎஸ்ஐ என்ற பேச்சே கிடையாது.

சான்றே கிடைக்காதவர்களுக்கும் கொஞ்சம் வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துவையுங்கள். மூட்டு மாற்று அறுவைவரை போனால் கைகொடுக்கும்.

சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் அதோடு விடாதீர்கள். சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.