9 டிபி ஆண்டெனாவா, 30 அடி கம்பமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். சக்லேஷ்பூர் மலைப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டமும் ஒரு ஓட்டு வீடும் உண்டு. செல்போன் சிக்னல் கிடையாது. நானும் தம்பியும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் எடுத்துவிட்டோம். வீட்டில் 25 வாட் விஹெச்எஃப் (மிகை அதிர்வெண்) ரேடியோ செட், தம்பி கையில் 5 வாட் வாக்கி-டாக்கி. அவன் கீழே ஓடைப் பக்கமும் போவான், எட்டு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்கும் போவான். கடையில் 3, 6, 9 டிபி என்று ஆண்டெனா காட்டுகிறார்கள். எதை வாங்க?

பதில்: நானாக இருந்தால் 9 டிபி பக்கமே போக மாட்டேன். ஆண்டெனா சக்தியைப் பெருக்குவதில்லை, இருப்பதை ஒரு பக்கமாக ஒதுக்கித் தருகிறது. எவ்வளவு ஒதுக்குகிறது என்பதற்கான அளவுதான் கடைக்காரர் சொல்லும் டிபி (டெசிபல்). டைபோல் என்கிற சாதாரண இரு கம்பி ஆண்டெனாவின் அலைவீச்சு மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டை, சுற்றிலும் தடிமன். 9 டிபி கொலினியர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீள ஆண்டெனா) அதே மாவைக் கல்லில் தேய்த்த தோசை. விளிம்பு தூரம் போகும், மேலும் கீழும் ஒன்றும் இருக்காது. சமவெளிக்கு அது சரி. மலைச்சரிவில் உங்கள் தம்பி ஓடைக்கரையில் நின்றால், தோசையில் பெரும்பகுதி அவன் தலைக்கு மேலே போய்விடும். உங்களுக்கு 3 டிபி போதும். உங்கள் ஹாம் அலைவரிசையான 144–146 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய, அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள கிரவுண்ட் பிளேன் ஆண்டெனாகூடப் போதும். அரை மீட்டர் பித்தளைக் கம்பி ஒன்று, அதன் அடியில் 45 டிகிரி கீழே சாய்த்த நான்கு ரேடியல் கம்பிகள், வேலை முடிந்தது.

மிச்சமாகும் பணத்தை உயரத்துக்குப் போடுங்கள். தரையிலிருந்து மூன்று மீட்டரில் ஆண்டெனா இருந்தால் அதன் ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் வரை அலை போகும் தூரம், சுமார் 7 கிலோமீட்டர், ஒன்பது மீட்டரில் 12. தம்பியின் கைக்கருவிக்கும் ஒரு 5 கிலோமீட்டர் உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இதெல்லாம் சமவெளிக் கணக்கு. டவுனுக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை குறுக்கிட்டால் எந்த ஆண்டெனாவும் கரை சேர்க்காது. அதனால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், தம்பியை டவுனுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ஏணியில் ஏறி இன்னொரு கைக்கருவியில் கூப்பிட்டுப் பாருங்கள். கரகரவென்றாவது கேட்டால் நம்பிச் செலவழிக்கலாம். சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், காற்றில் ஆடி ஆடிக் கேபிள் அறுந்துவிடும். ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு மூன்று பக்கம் இழுத்துக் கட்டுங்கள்.

அப்புறம் செட்டையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள். பல பேர் கோட்டை விடும் இடம் இதுதான். நானும் விட்டவன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், தடித்த கேபிளுக்குப் பதில், "ரெண்டும் 50 ஓம்தான் சார்" என்று மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை முப்பது மீட்டர் வெட்டிக் கொடுத்தார். 150 மெகாஹெர்ட்ஸில் அந்த நீளத்துக்கு இழப்பு ஏறக்குறைய 6 டிபி, அதாவது நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். 25 வாட் உள்ளே போனால் மேலே ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஆறு வாட். வருகிற சிக்னலுக்கும் அதே வெட்டு, ஆகவே செட்டில் வாட்டைக் கூட்டினாலும் தம்பியின் 5 வாட் உங்கள் காதுக்கு வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அழகாக 1.3 காட்டியது. ஆண்டெனாவில் மோதித் திரும்பிய அலையையும் கேபிளே தின்றுவிட்டதால் மீட்டர் வரை வர அதிகம் மிச்சமில்லை. மேலே ஏறி ஆண்டெனா அடியிலேயே அளந்தபோதுதான் 3-ஐத் தாண்டியிருந்தது தெரிந்தது. அதே நீளத்துக்குத் தடித்த கேபிளான எல்எம்ஆர்-400 என்றால் 17 வாட் போய்ச் சேரும், ஆர்ஜி-213 என்றால் 13. விலை உறுத்தினால் செட்டைக் கம்பத்துக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி நீளத்தைக் குறையுங்கள்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஹாம் அலைவரிசையில் வியாபாரப் பேச்சு கூடாது. "எத்தனை மூட்டை ஏற்றினாய்?" என்று தம்பியைக் கேட்பதும் அதில் சேர்த்தி. தோட்டக் காவலாளி கையிலும் செட்டைக் கொடுக்காதீர்கள். தோட்ட வேலைக்கு இதே மாதிரி சக்தியுள்ள செட் வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையிடம் தனி உரிமம் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். வெளியில் உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு எர்த் கட்டாயம். ஏப்ரல், மே மாத இடிமழைக் காலத்தில் பெங்களூருக்குக் கிளம்பும்போது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.