குழந்தைக்குத் திட்டமிடும்போது முதல் வீடு இரண்டு படுக்கையறையா, மூன்றா?

கேள்வி: திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இருவருக்கும் ஐடி வேலை. இரண்டு வருடத்துக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணம். சென்னையில் முதல் வீடு பார்க்கிறோம். இரண்டு படுக்கையறை போதுமா, இப்போதே மூன்றாக வாங்கிவிடலாமா?

பதில்:

இரண்டு போதும். அதுவும் உங்கள் இருவரில் ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடிகிற இரண்டு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் நாங்கள் நின்றதும் இதே இடத்தில்தான். எனக்கு அப்போது 28 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். மேடவாக்கம் பக்கத்தில் ஒரு புது அடுக்குமாடியில் இரண்டு அளவுகளைக் காட்டினார்கள். 890 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, 1,240 சதுர அடியில் மூன்று. சதுர அடி 4,800 ரூபாய். "வீடு வாங்குறது ஆயுசுக்கு ஒரு தடவை, பெரிசாவே வாங்கிடுங்க. நாளைக்கு ரெண்டு பிள்ளைங்க வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அப்பா, மாமனார், அலுவலகத்து நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். உங்களிடமும் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றையே வாங்கினோம். 47 லட்சம் கடன், அப்போதைய வட்டி 10.25%, 20 வருடம். மாதத் தவணை 46 ஆயிரம் சொச்சம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அது 33 ஆயிரம் சொச்சத்தில் முடிந்திருக்கும். ஆக, வராத குழந்தையின் அறைக்காக மாதம் கிட்டத்தட்ட 13 ஆயிரம் கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டோம். என் சம்பளம் கைக்கு 41 ஆயிரம், கணவருக்கு 52 ஆயிரம். சேர்த்துப் பார்த்தால் தாராளமாகத்தான் தெரிந்தது. அந்தச் சேர்த்துப் பார்த்ததுதான் தப்பு.

2015 கடைசியில் சாவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த டிசம்பர் மழையில் சைட்டுக்குள் தண்ணீர் நின்று வேலை நின்றுபோனது. சாவி கைக்கு வந்தது 2016 ஆகஸ்டில். அதுவரை ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வங்கிக்கு வட்டி. குடிபோன பிறகு அலமாரி, சமையலறை மரவேலை என்று ஒரு தனிக்கடன். இத்தனைக்கும் நடுவில் நான் வேலையை விடவோ சம்பளமில்லாத விடுப்பு எடுக்கவோ வழியே கிடையாது. அதனால் "வீட்டு வேலை முடியட்டும்", "அந்தத் தனிக்கடன் அடையட்டும்" என்று குழந்தையைத் தள்ளிப்போட்டோம். குழந்தைக்காக வாங்கிய வீட்டுக்காகவே குழந்தையைத் தள்ளிப்போடுகிறோம் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

முயற்சி செய்ய ஆரம்பித்தபோது எனக்கு 32. நிற்கவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனோம். பரிசோதனைகளை முடித்துவிட்டு, இன்னும் காத்திருக்க வேண்டாம், செயற்கைக் கருத்தரிப்புக்குப் போங்கள் என்றார். முதல் சுற்றுக்கு ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அது தோற்றது. இரண்டாவது சுற்றுக்குப் பணம் சேர்க்க எட்டு மாதம் ஆனது. மாதம் 13 ஆயிரம் என்று எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு இரவும் அந்த மூன்றாவது அறைக் கதவைத் தாண்டித்தான் படுக்கப் போனேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ரூம் ரெடியா இருக்கு, ஆள்தான் வரணும்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நின்றவளுக்குத்தான் தெரியும்.

2019 நவம்பரில் மகள் பிறந்தாள். ஊரிலிருந்து அம்மா வந்தார். வந்த அன்றே மூன்று குளியலறைகளையும் திறந்து பார்த்துவிட்டு, "எங்கடி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுறது?" என்று கேட்டார். மூன்றும் ஏழுக்கு நாலு அடி. கழிப்பறைப் பீங்கானும் கைகழுவும் தொட்டியும் போக, மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்த ஒன்றிலும் இடமில்லை. கடைசியில் சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் இருக்கும் சர்வீஸ் ஏரியாவில், மெஷினை நகர்த்திவிட்டுத்தான் மூன்று மாதமும் குளிப்பாட்டினார். துணி காயப்போட பால்கனியில் ஆறடிக் கொடி. மழை நாட்களில் அந்த மூன்றாவது அறையில் மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தோம். அந்த அறை உபயோகப்பட்டது அதற்குத்தான். அம்மா அதில் படுக்கவேயில்லை. ராத்திரி குழந்தை அழுதால் எடுக்க வேண்டும் என்று என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத்தான் படுத்தார். மகளுக்கு ஐந்து வயது முடிந்த பிறகும் எங்கள் நடுவில்தான் தூங்குகிறாள்.

நீங்கள் கேட்டதற்கு இதில் பதில் இருக்கிறது என்று நம்புகிறேன். நம் வீடுகளில் குழந்தைக்கென்று தனி அறை தேவைப்பட ஆறேழு வருடமாவது ஆகும். முதல் மூன்று வருடத்துக்கு வேண்டியது அறை இல்லை. உட்கார்ந்து குளிப்பாட்ட ஒரு இடம், துணி காய வெயில் படும் ஒரு பால்கனி, அம்மாவோ மாமியாரோ வந்தால் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு பெரிய படுக்கையறை. வீடு பார்க்கப் போகும்போது குளியலறையில் நிஜமாகவே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பாருங்கள். கூட வருகிற ஏஜென்ட் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மூன்று படுக்கையறை வாங்கியவர்கள் கோபிக்க வேண்டாம். மாமனார் மாமியார் நிரந்தரமாகக் கூடவே இருக்கிறார்கள், அல்லது கையில் பணம் இருக்கிறது என்றால் கணக்கே வேறு. வாடகை வீடே போதுமே என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் கேட்டது வாங்குவதைப் பற்றி.

இன்னொன்று, ஒருவர் சம்பளம் என்று நான் சொன்னதை, பெண் வேலையை விட வேண்டும் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு, எனக்கும் கிடைத்தது. சிக்கல் வந்தது 27-வது வாரத்தில். அது 2020 மே மாதம். மார்ச் முதல் வாரம் ஊருக்குப் போன அம்மா ஊரடங்கில் திரும்பி வர முடியவில்லை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் மூடிக் கிடந்தன. ஜூனில் வேலையை விட்டேன். அதே மாதம் கணவர் அலுவலகத்தில், இத்தனை வருடத்தில் ஏறியிருந்த சம்பளத்தைக் குறைத்து 62 ஆயிரம் ஆக்கினார்கள். தவணை அதே 46 ஆயிரம். ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைத் தள்ளிவைப்பை மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம், அதற்கும் வட்டி ஏறியது. அடுத்தது பராமரிப்புக் கட்டணம், அது சதுர அடிக்கு மூன்று ரூபாய். எங்களுக்கு 3,720. ஆள் மூன்று பேர்தான், ஆனால் கட்டணம் அறைக்குத்தானே. உங்களுக்குக் கொள்ளைநோய் வரவேண்டும் என்றில்லை. பிரசவத்தில் ஒரு சிக்கல், ஒரு வேலை நீக்கம் போதும், இரண்டு சம்பளக் கணக்கு சாய்ந்துவிடும்.

பராமரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. இத்தனை வாங்கிக்கொள்கிற எங்கள் சங்கம் கார் நிறுத்தும் தளத்தில் "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை மாட்டியிருக்கிறது. மொட்டை மாடிக்குப் பூட்டு. வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய விளையாட்டிடம் இப்போது விருந்தினர் பைக் நிறுத்துமிடம். ஐந்து வயதுப் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எங்கே ஓடும்? கூட்டத்தில் இரண்டு முறை கேட்டேன், காருக்குக் கீறல் விழும் என்றார்கள். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலை நேரத்தில் ஒரு தடவை போய், அங்கே பிள்ளைகள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இனிக் கணக்கு. 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 868 ரூபாய் வரும். உங்கள் இருவரில் குறைந்த சம்பளத்தை எடுத்துக்கொண்டு, தவணை அதில் பாதியைத் தாண்டாமல் பாருங்கள். பில்டர் சொல்லும் சதுர அடியை நம்பாதீர்கள், ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் பரப்பைக் கேளுங்கள். வெளிச்சுவர், பால்கனி எதுவும் அதில் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் மட்டும் சேரும். எங்கள் 1,240-ல் உள்ளே கிடைத்தது 900-க்கும் கீழே. பதிவுச் செலவிலும் அளவு பேசும். 2023 டிசம்பரில் இருந்து தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%.

சின்னதாக வாங்கினால் பின்னால் விற்று மாற்ற வேண்டி வருமே, பழைய வீடு வாங்கினால் பத்திரத்துக்கே 9% போகுமே என்பீர்கள். உண்மைதான், போகும். ஆனால் அதைக் கட்டும்போது உங்கள் பிள்ளைக்கு எட்டு வயது ஆகியிருக்கும், உங்கள் சம்பளமும் ஏறியிருக்கும். எனக்கு 28-லிருந்து 32 வரை போன நாலு வருடத்தை எந்த வீட்டை விற்றும் வாங்க முடியவில்லை.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் கடைசியாக ஒன்று. கான்கிரீட் போடுவதற்கு முன்பே, பெரிய படுக்கையறைக் கூரையில் தூளிக்கு ஒரு கொக்கி விடச் சொல்லுங்கள். மின்விசிறிக் கொக்கியிலிருந்து நன்றாகத் தள்ளி. எங்கள் வீட்டில் அது இல்லை. பின்னால் கூரையைத் துளைக்கப் பயந்து இரும்பு ஸ்டாண்ட் வாங்கினோம். மகள் அதில் ஒரு நாளும் தூங்கவில்லை.