குளிர்காலத்தில் கண்ணாடி வெட்டப் பழகலாமா?

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வந்து ஐந்து மாதம் ஆகிறது, வேலை அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, கணவர் காலையில் கிளம்பிவிட்டால் வீட்டில் நீங்களும் இரண்டு வயதுக் குழந்தையும்தான், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து நூலகத்தில் வண்ணக் கண்ணாடிப் பலகை செய்யக் கற்றுத்தரும் வகுப்புக்கு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை, பத்து வாரம். "இந்த ஊர் மொழி எனக்குச் சரளமாக வராது, படம் வரையவும் தெரியாது, ஈயம் பயன்படுத்துவோம் என்று வேறு போட்டிருக்கிறார்கள், இருப்பதோ வாடகை வீடு. இதற்குப் போவதா, அந்த நேரத்தையும் மொழி வகுப்புக்கே கொடுப்பதா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

போங்கள். மொழி வகுப்பை நிறுத்தாதீர்கள். ஆனால் இதற்கும் கட்டாயம் போங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது குளிர்காலத்தில் இதே போன்ற ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மொழி வகுப்பில் எனக்கு இலக்கணம் வந்தது, பேச்சு வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும்போது தெரிந்த சொல்லும் மறந்துபோகும். கண்ணாடி மேசையில் அப்படி இல்லை. பக்கத்தில் நிற்பவரும் நானும் பார்ப்பது ஒரே கண்ணாடித் துண்டை. வாய் மூடியிருந்தாலும் யாருக்கும் சங்கடம் இல்லை, ஏனென்றால் கை வேலை செய்துகொண்டிருக்கிறது. "இதைப் பிடி", "இன்னும் கொஞ்சம் தேய்", "விளிம்பு கூராக இருக்கிறது, கவனம்" என்ற சின்னச் சின்ன வாக்கியங்கள் காதில் விழும்போதே அவற்றின் பொருளும் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. அப்படிக் கேட்ட சொற்கள் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. வகுப்பில் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அவசரம் கிடையாது, நிதானமாகப் பேசினார்கள். இந்த நாட்டில் என் பெயரைத் திருத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொண்ட முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

வரையத் தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் நாள் வரையவே மாட்டீர்கள். வண்ணமற்ற சாதாரணக் கண்ணாடியைக் கொடுத்து வெட்டச் சொல்வார்கள். வெட்டுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் கண்ணாடியை ஒடிக்கிறோம். முனையில் சிறிய சக்கரம் வைத்த கருவியால் மேற்பரப்பில் ஒரு கீறல் போடுகிறோம். கீறலின் இரு பக்கமும் பிடித்து மெல்ல வளைத்தால், விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பிரிகிறது. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி ஒருவர், வெண்மை பூசிய பலகையில் படத்தை வரைந்து, காய்ச்சிய இரும்பைக் கொண்டு கண்ணாடியைப் பிளக்கும் முறையை விவரித்திருக்கிறார். அன்று இரும்பின் சூடு செய்ததை இன்று சக்கரம் செய்கிறது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மிகையாக அழுத்துகிறார்கள். நானும் முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். கீறல் வெள்ளையாகப் பொடி உதிர்ந்து தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். சரியான கீறல் மெல்லிய கோடாகத்தான் இருக்கும், பட்டுத்துணி கிழிவது போல ஒரு சீரான ஒலி வரும். அந்த ஒலியைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த விளக்கத்தையும்விட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும், அதற்கு மொழியும் தேவையில்லை. கண்ணாடியின் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை நிற்காமல் போக வேண்டும். ஒரு முறைதான். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி ஓட்டினால் சக்கரமும் மழுங்கும், கண்ணாடியும் தன் விருப்பத்துக்கு உடையும். கீறியவுடன் ஒடித்துவிடுங்கள், வைத்திருந்து பார்க்காதீர்கள்.

வளைவுகளில்தான் பாடம் இருக்கிறது. கண்ணாடி நேராக ஓடவே விரும்பும். வெளிப்பக்கம் வளைந்த கோடு எளிது; உள்பக்கம் குழிந்த வளைவை ஒரே ஒடிப்பில் எடுக்க முடியாது, பிறைபிறையாகச் சிறிய துண்டுகளை எடுத்து எடுத்துத்தான் கோட்டை நெருங்க வேண்டும். உள்பக்கமாகச் செங்கோணத்தில் திரும்பும் மூலையைக் கைக்கருவியால் வெட்டவே முடியாது. நான் முதல் வாரமே ஒரு மயில் படத்தைக் கொண்டுபோனேன், தொண்ணூறு துண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆசிரியை அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கழுத்தின் குழிவில் விரலை வைத்து, இந்த இடத்தில் கண்ணாடி உடையும் என்று காட்டினார். பிறகு எட்டு நேர்கோட்டுத் துண்டுகள் உள்ள ஒரு வடிவத்தைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு மனம் சுருங்கியது உண்மை. ஆனால் அவர் சொன்னது சரி. எட்டுத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பொருத்துவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆனது.

பொருத்தும் முறை இரண்டு உண்டு. தேவாலயச் சாளரங்களில் பார்க்கும் பழைய முறையில், இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டைக்குள் கண்ணாடித் துண்டுகளைச் செருகுவார்கள். உங்கள் வகுப்பில் பெரும்பாலும் இன்னொன்றைத்தான் கற்றுத்தருவார்கள்: ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசையுள்ள மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, அழுத்தித் தேய்த்து, துண்டுகளை அடுக்கி, நாடாவின் மேல் பற்றாசை, அதாவது உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் எளிதில் உருகும் கலவையை, உருக்கி ஓடவிடுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் லூயிஸ் டிஃபனி என்ற கண்ணாடிக் கலைஞரின் பட்டறை செய்த விளக்குக் கூடுகளால் இந்த முறை பெயர் பெற்றது. அந்த விளக்குகளில் பலவற்றை உண்மையில் வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண். அங்கே கண்ணாடி தேர்ந்து வெட்டும் பெண்கள் பிரிவுக்கு அவர் தலைமை வகித்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆராயப்பட்ட பிறகுதான், ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, அவர் பெயர் வெளியே வந்தது. இதை நான் வகுப்பில் சேரும் எல்லாப் பெண்களிடமும் சொல்வேன்.

நாடா சுற்றும் வேலையை அலுப்பாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுவே மிகப் பிடித்த பகுதி. குழந்தை தூங்கிய பிறகு மேசை விளக்கடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுற்றினால் மனம் அமைதியாகிவிடும். கண்ணாடியின் இரு முகத்திலும் நாடா ஒரே அளவு மடிந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இங்கே கோணினால் பிறகு பற்றாசுக் கோடும் கோணும், அதை மறைக்க வழியே இல்லை.

இனி ஈயம். உங்கள் பயம் நியாயமானது. தமிழில் காரீயம், வெள்ளீயம் என்று நம்மிடம் தெளிவான இரண்டு சொற்கள் இருக்கின்றன. இங்கே பேசுவது காரீயத்தை. வழக்கமான பற்றாசில் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். அது 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுதும் உருகிவிடும். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பறப்பதில்லை. எழும் வெண்புகை, பற்றாசு நன்றாக ஒட்டுவதற்காகத் தடவும் ஃபிளக்ஸ் என்ற பொருள் எரிவதால் வருவது. அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகையை முகத்திலிருந்து இழுத்துச் செல்ல ஒரு சிறிய விசிறி வேண்டும். காரீயம் உடம்புக்குள் போகும் வழி முக்கியமாகக் கையிலிருந்து வாய். பற்றாசைத் தொட்ட விரலால் உணவைத் தொடுவது, அதே உடையோடு குழந்தையைத் தூக்குவது, மேசைத் தூசியைத் துடைக்காமல் விடுவது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு மிகக் குறைந்த காரீயமும் தீங்கு. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது.

அதனால் உங்களுக்கு என் கண்டிப்பான சொல்: பற்றவைப்பதை வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். குழந்தை தரையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் இருக்கும்வரை காரீயப் பற்றாசு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அங்கே ஒரு மேலுடையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். மீண்டும் கருவுற்றால் காரீய வேலையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். காரீயம் இல்லாத பற்றாசும் கிடைக்கிறது. அது உருகுவதற்கு 220 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவு வழவழப்பாக ஓடாது, புதுக்கைக்குச் சற்றுக் கடினம். ஆனாலும் நான் முதல் நான்கு ஆண்டுகள் அதில்தான் செய்தேன்.

வாடகை வீட்டில் வடிவம் வரைவது, நாடா சுற்றுவது இரண்டும் தாராளமாக முடியும். வெட்டுவதென்றால் சமையல் மேசை வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் தெறிக்கும். பழைய செய்தித்தாள் விரித்த தனி மேசை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தல், குழந்தை வேறு அறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். அது இரைச்சல் போடும், கண்ணாடிப் பொடி கலந்த நீரைச் சுற்றிலும் தெளிக்கும். வகுப்பில் ஒன்று இருக்கும், அது போதும். உங்களுக்கென்று வாங்குவதானால் எண்ணெய் ஊற்றி வைக்கும் நல்ல வெட்டுக்கருவி ஒன்றை மட்டும் வாங்குங்கள். கருவி கைக்குப் பழகும். வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் கை தடுமாறும்.

கண்ணாடி தேர்ந்தெடுப்பதில் நான் மிகவும் வருந்திய ஒன்றைச் சொல்கிறேன். முதல் பலகைக்கு அடர்ந்த சிவப்பும் ஆழ்ந்த நீலமும் எடுத்தேன். நாம் வளர்ந்த வெயிலின் கண்ணோடு தேர்ந்தேன். நவம்பரில் ஜன்னலில் மாட்டியபோது இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன, பகல் முழுதும். இந்த ஊர்க் குளிர்கால வானம் அவ்வளவு நிறத்தை ஊடுருவும் அளவுக்கு ஒளி தராது. வெளிர்மஞ்சள், நீர்ப்பச்சை, நிறமே இல்லாமல் அலையலையாக இருக்கும் கண்ணாடி, இவை மந்தமான பகலிலும் உயிரோடு இருக்கும். பால் கலந்தது போன்ற கண்ணாடி இன்னொரு வழி. பின்னால் வெளிச்சம் இல்லாதபோதும் அறை விளக்கிலேயே நிறம் காட்டும். எதை எடுத்தாலும் கடைக்குள் இருக்கும் விளக்கடியில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

வெயில் வரும் நாளும் உண்டு. இங்கே குளிர்காலச் சூரியன் தலைக்கு மேல் ஏறுவதே இல்லை, தாழ்வாகவே போகிறது. அதனால் ஒளி ஜன்னல் வழியாக அறையின் கடைசிச் சுவர் வரை வந்துவிடும். அப்படி ஒரு ஜனவரி காலையில் என் மகள் தரையில் விழுந்திருந்த மஞ்சள் கட்டத்தின் மேல் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டை எங்கள் வீடு என்று நான் உணர்ந்தது அன்றுதான்.

மாட்டும்போது உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கொக்கியை நம்பாதீர்கள். 3 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. 30க்கு 40 சென்டிமீட்டர் பலகை உலோகத்தோடு சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டும். குளிரில் ரப்பர் விட்டுவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டு ஜன்னல் சட்டத்தில் இரண்டு திருகு கொக்கி போட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பலகையில் வளையத்தைப் பற்றவைக்கும்போது, வெறும் விளிம்பு நாடாவில் வைக்காமல், உள்ளே இறங்கிப் போகும் ஒரு கோட்டின் தலைப்பில் வையுங்கள். இல்லையென்றால் பாரம் நாடாவை உரித்துவிடும்.

முதல் மாலைக்கு மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, கட்டிய கூந்தல், ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். காதில் விழும் கருவிப் பெயர்களை அதில் தமிழிலேயே ஒலிபெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து பொருள் பார்க்கலாம். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே போய்க் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு மாலை சீக்கிரம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவரிடம் இன்று இரவே சொல்லுங்கள், பத்து வாரமும்.