பட்டா இல்லாதவருக்கு எந்த இலை?

கேள்வி: சுரங்கம், ஆலை, துறைமுகம் என்று கடலூருக்கு எது வந்தாலும் உங்கள் பத்திரிகை ‘சமூகநீதி, சமவாய்ப்பு’ என்று குறுக்கே வந்து நிற்கிறது. முதலில் பானையில் சோறு வேகட்டும். பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை அப்புறம் பேசக்கூடாதா? இந்த மாவட்டம் முன்னேறவே வேண்டாம் என்கிறீர்களா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சோறு தாராளமாக வேகட்டும் வாசகரே, யார் வேண்டாம் என்றது? அடுப்புக்கு விறகு யார் வீட்டுக் கூரையிலிருந்து உருவப்படுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

உங்கள் ஊருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் போனால் பெரியகுப்பம் வரும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வருகிறது என்று அந்தப் பக்கம் நிலம் எடுத்தார்கள். பாதி கட்டியிருந்த நிலையில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. சேதமான ஆலையில் வேலை நின்றது, பிறகு நிறுவனமே நொடித்துப் போனது. விறகு போனதுதான் மிச்சம், சோறு வேகவே இல்லை. “அப்புறம்” என்று காத்திருந்தவர்களுக்கு அந்த அப்புறம் வரவில்லை.

சரி, அது புயல் செய்த வேலை என்பீர்கள். சோறு நன்றாகவே வெந்த நெய்வேலிக்கு வருவோம். 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனத்தின் ஊர் அது. அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரியால் கர்நாடகம், கேரளம் வரை விளக்கு எரிகிறது. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளோ ஒப்பந்தத் தொழிலாளியாகவே காலம் தள்ளி, நிரந்தரம் கேட்டுக் கொடி பிடித்தார்கள். 2022-ல் 299 பொறியாளர் பணியிடங்களுக்கு ‘கேட்’ என்ற அகில இந்தியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண்தான் அளவுகோல் என்று அறிவிப்பு வந்தபோது மாவட்டமே கொதித்தது நினைவிருக்கும். திறமைக்குத் தேர்வு வையுங்கள், தப்பில்லை. ஆனால் வயலைக் கேட்டு வந்தபோது யாரிடமும் மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லையே.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். அதே என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெல்லுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். காகிதப்படி அது உண்மைதான். ஆனாலும் அறுவடை வரை பொறுக்கக்கூடாதா என்று உயர் நீதிமன்றமே வருந்தி, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இதில் யாரும் பேசாத ஆள் ஒருவர் உண்டு. அந்த வயலில் நாற்று நட்ட பெண். நடவுக் கூலியை அன்றைக்கே வாங்கிவிட்டார், அதனால் கணக்குப்படி அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை. போனது அடுத்த போகத்து நடவு, களையெடுப்பு, வரப்பில் அறுத்து வந்து மாட்டுக்குப் போட்ட புல். இவற்றில் எதுவும் சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவேடுகளில் ஏறாது. பட்டாக்காரருக்காவது சண்டை போட ஒரு காகிதம் இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது? இப்படி நடவுக்கும் களைக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் காலனித் தெருப் பெண்கள் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

இவரைச் சட்டம் மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2013-ல் வந்த மத்திய நில எடுப்புச் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாக அங்கே வேலை செய்து பிழைக்கும் கூலித் தொழிலாளி, குத்தகைதாரர், வாரதாரர் எல்லோரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்து, எத்தனை குடும்பம் அடிபடும் என்று கணக்கெடுக்கவும் சொல்கிறது. நம் மாநிலம் என்ன செய்தது தெரியுமா? தொழில்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. உயர் நீதிமன்றம் 2019-ல் அதை ரத்து செய்தது. அதே வருஷம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு விலக்குக்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. இழப்பீடும் மறுவாழ்வும் ஏட்டில் இருக்கின்றன. யாருக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை மட்டும் இல்லை. சமூகநீதி மண் என்று மார்தட்டிக்கொள்ளும் ஊரில் இது நடந்தது. இரண்டு பெரிய கட்சிகளிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

பங்கைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்கிற பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. 2020-ல் தமிழ்நாடு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியது. அதற்கு முந்தைய வருஷம் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான் உள்ளே போயிருந்தார்கள். ஒதுக்கீடு வந்த வருஷமே நூற்றுக்கணக்கில் போனார்கள். பானை திடீரென்று பத்து மடங்கு பெருத்துவிடவில்லை, பரிமாறும் விதிதான் மாறியது. பக்கத்துப் புதுச்சேரி 2023-ல் 10 சதவீதமே கொடுத்தது. கல்லூரிகள் எதுவும் மூடிக்கொண்டு போய்விடவில்லை.

புதுச்சேரி என்றதும் இன்னொன்று. எட்டு மணி நேர வேலை அங்கே முதலாளிகளின் லாபம் பெருகி, மனம் கனிந்து வந்ததல்ல. 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அடுத்த வருஷம்தான் சட்டம் வந்தது.

பந்தி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தெற்குத்திட்டைதான் நினைவுக்கு வந்தது. இதே கடலூர் மாவட்டம்தான், புவனகிரி பக்கம். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. வழக்கு, கைது, பணியிடை நீக்கம் எல்லாம் பிறகு நடந்தன. அந்தப் படத்தில் இருந்தவர் வெறும் பார்வையாளர் இல்லை, ஊராட்சியின் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். அவருக்கே தரை என்றால், ‘அப்புறம் பேசலாம்’ என்று நீங்கள் சொல்கிற அந்தப் பேச்சில் மற்றவர்களுக்கு என்ன இடம் கிடைக்கும்? எங்கே தெரு விளக்கு, எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், யாருக்குத் தொகுப்பு வீடு என்று முடிவாவது அந்த மாதிரி அறைகளில்தானே.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பற்றி நீட்டவில்லை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் பட்டியலில் கடலூரையும் வைத்தது. ராத்திரி சிப்காட் பக்கத்துக் குடிகாடு கிராமத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு மாவட்ட வளர்ச்சியில் கிடைத்த பங்கு அந்த நாற்றம்தான்.

நாங்கள் ஆலைக்கு எதிரி இல்லை. வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிற பிள்ளைகள் எங்கள் வாசகர் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆலை வரட்டும். வரும்போது எத்தனை வேலை நிரந்தரம், எத்தனை ஒப்பந்தம், அதில் உள்ளூருக்கு எத்தனை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வரட்டும். அந்த வேலைக்கான ஐடிஐ படிப்பு, கட்டடம் எழும்பும்போதே தொடங்கட்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு ‘தகுதியான ஆள் இங்கே இல்லை’ என்று கையை விரிக்கக்கூடாது.

மதிப்பீடு இல்லை என்று அரசு சொன்னால், அந்தக் கணக்கை ஊரே எடுக்கலாம். உங்களுக்குக் கிராமத்தில் நிலம் இருந்தால் நீங்களே தொடங்கி வையுங்களேன். அக்டோபர் 2 கிராம சபையில், உங்கள் வயலில் வேலைக்கு வருகிறவர்களின் பெயர்களைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நூறு நாள் வேலை அட்டை, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை எது இருந்தாலும் எண்ணோடு சேர்த்து எழுத வையுங்கள். தீர்மான நகல் ஒன்று வாங்கி அவர்கள் கையிலும் கொடுங்கள். நில எடுப்பு அறிவிப்பு வந்த பிறகு எழுதினால் ‘இப்போது சேர்த்த பெயர்கள்’ என்று தள்ளிவிடுவார்கள்.