இணையம் இல்லாத இடத்தில் பேசியே தட்டச்சு செய்ய ஆண்ட்ராய்டு நல்லதா, ஐபோன் நல்லதா?

ஆங்கிலத்தில் பேசி எழுதப் போகிறீர்கள் என்றால், 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி அதற்குப் பின் வந்த எந்த ஐபோனையும் நம்பி வாங்கலாம். ஆண்ட்ராய்டில் அதே அளவு நம்பிக்கையோடு நான் சொல்லக்கூடியது கூகுளின் பிக்சல் போன்களை மட்டும்தான். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் மாடலுக்கு மாடல் நிலைமை மாறுகிறது. தமிழில் பேசி எழுத வேண்டும் என்றால் கதையே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இதை ஆசைக்காகப் பயன்படுத்துபவன் அல்ல. கிராமங்களில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்வது என் வேலை. ஒரு கையில் அளவு நாடா, இன்னொரு கையில் சேறு. சிக்னல் பெரும்பாலும் இருக்காது. பேசினால் அங்கேயே எழுத்தாக விழ வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. கையில் ஒரு ஆண்ட்ராய்டு, அலுவலகத்தில் கொடுத்த ஒரு ஐபோன் என்று இரண்டிலும் இதே வேலையைச் செய்து வருகிறேன்.

பலருக்கும் தெரியாத விஷயம், இணையமில்லாத குரல் தட்டச்சில் முந்திக்கொண்டது ஆண்ட்ராய்டுதான். 2012-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.1, அதாவது ஜெல்லி பீன், இந்த வசதியைக் கொண்டுவந்தது. மொழிப் பொதியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் அன்றைய தரம் சுமார்தான். காரணம் அது கட்டப்பட்ட விதம். ஒலியை அடையாளம் காண ஒரு பகுதி, எந்த ஒலிக்கோவை எந்தச் சொல் என்று சொல்லும் உச்சரிப்பு அகராதி ஒன்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் மொழி மாதிரி ஒன்று என மூன்று தனித்தனித் துண்டுகள். இவை எல்லாம் சேர்ந்த தேடல் வரைபடம் கூகுளின் சர்வரில் ஏறக்குறைய 2 ஜிபி இருந்தது. போனுக்குள் அதைத் திணிக்க முடியாது. அதனால் போனுக்கு வந்தது மெலிந்த பதிப்பு.

இதை உடைத்தது 2019 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட புது முறை. மூன்று துண்டுகளையும் விட்டுவிட்டு, ஒலி உள்ளே போனால் எழுத்து வெளியே வரும்படி ஒரே நரம்பு வலையமைப்பாக, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரலாகப் பயிற்றுவித்தார்கள். அதுவே 450 எம்பி ஆனது. அதற்குள் இருக்கும் எண்களின் துல்லியத்தைக் குறைத்துச் சுருக்கியபோது 80 எம்பிக்கு வந்து நின்றது. சர்வரில் ஓடும் மாதிரிக்கு இணையான துல்லியம், அதுவும் பேசப் பேச எழுத்து எழுத்தாகத் திரையில் விழும் வேகம். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது. ஆனால் அது முதலில் வந்தது பிக்சல் போன்களுக்கு, அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டும். பிறகு 2021-ல் பிக்சல் 6 தனக்கென்று டென்சர் சிப்போடு வந்தபோது, பேச்சிலேயே அனுப்பச் சொல்வது, அழிக்கச் சொல்வது என்று இன்னும் ஒரு படி மேலே போனது.

ஆப்பிள் வந்த வழி வேறு. 2011-ல் ஐபோன் 4எஸ்-ஸில் விசைப்பலகையில் மைக் பொத்தான் வந்தபோது, உங்கள் குரல் முழுவதும் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பும். நெட் இல்லையென்றால் ஒன்றுமில்லை. உண்மையான மாற்றம் 2021-ல், ஐஓஎஸ் 15-ல் வந்தது. ஏ12 பயோனிக் அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள போன்களில், பல மொழிகளுக்குக் குரலை எழுத்தாக்கும் வேலை போனுக்குள்ளேயே முடிய ஆரம்பித்தது. நான் மேலே 2018 என்று சொன்னதற்குக் காரணம் அந்தச் சிப்தான். அதோடு ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது என்ற கட்டுப்பாடும் போனது. அடுத்த ஆண்டு ஐஓஎஸ் 16-ல் நிறுத்தற்குறிகள் தானாக விழத் தொடங்கின. பேசிக்கொண்டே விரலால் திருத்தலாம், விசைப்பலகை மறையாது.

இந்தக் கடைசி வசதி சின்னதாகத் தெரியலாம். களத்தில் நிற்பவருக்கு அதுதான் பெரிது. ஒரு சொல் தவறாக விழுந்தால் அதைத் தொட்டுச் சரிசெய்துவிட்டு, மைக்கை மறுபடி அழுத்தாமல் அப்படியே தொடரலாம். ஐபோன் 30 விநாடி மௌனம் வரை காத்திருக்கும். நாடாவை இறக்கி, அளவைப் பார்த்து, பிறகு சொல்ல எனக்கு அந்த இடைவெளி தேவை. பிக்சல் அல்லாத பல ஆண்ட்ராய்டு போன்களில் சற்று யோசித்தால்கூட மைக் அணைந்துவிடுகிறது. அப்புறம், ஆண்ட்ராய்டில் நீங்கள் பேசுவது யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங் விசைப்பலகையில் சாம்சங்கின் குரல் உள்ளீடு, கூகுளின் குரல் தட்டச்சு என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்றுக்கு மொழிப் பொதியை இறக்கிவைத்துவிட்டு மற்றொன்றில் பேசினால், நெட் இல்லாத இடத்தில் அது கைவிரித்துவிடும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஃபிப்டீன், ஃபிப்டி இரண்டையும் இரண்டு போன்களுமே அவ்வப்போது குழப்பிக்கொள்கின்றன. சர்வரோடு இணைந்திருந்தாலும் இது நடக்கும், நெட் இல்லாதபோது சற்று அதிகம். அதனால் நான் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்வேன், ஒன், ஃபைவ், பாயிண்ட், டூ என்று. அளவுகள், மருந்தின் அளவு, பணம் எதையாவது பேசி எழுதுபவர்கள் கண்டிப்பாக இப்படிச் செய்யுங்கள். மொழித் தேர்வில் ஆங்கிலம் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் உச்சரிப்புக்கு அமெரிக்க ஆங்கிலத்தைவிட அது நன்றாகப் பொருந்துகிறது.

ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள் இன்னொரு தலைவலி. போனுக்குள் இருக்கும் சிறிய மாதிரிக்கு அரூரும் பென்னாகரமும் தெரிய வேண்டிய அவசியமில்லை. இதற்கு ஐபோனில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் வாய்ஸ் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. கைகளைப் பயன்படுத்த முடியாதவர்கள் போன் முழுவதையும் குரலால் இயக்குவதற்காக 2019-ல் ஐஓஎஸ் 13-ல் வந்தது. முதல்முறை தேவையான கோப்புகளை இறக்கிக்கொண்ட பிறகு அது போனுக்குள்ளேயே இயங்கும். அதில் சொற்களை நாமே சேர்க்கலாம். அடிக்கடி வரும் ஊர்ப் பெயர்களை நான் அதில் போட்டுவைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான ஒரு வசதி இப்படி எல்லோருக்கும் உதவுவதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

நெட் இருக்கும் ஊரில் இருப்பவர்களும் போனுக்குள்ளேயே நடக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. 2019 கோடையில், ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிடம் பேசியவர்களின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்க்கிறார்கள் என்பது வெளியே வந்தது. கூகுள் அசிஸ்டன்ட் பதிவுகள் பற்றியும் அதே நேரத்தில் பெல்ஜியத்தின் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று செய்தி வெளியிட்டது. இரண்டு நிறுவனங்களும் அதன்பிறகு நடைமுறையை மாற்றிக்கொண்டன. ஆனாலும் குரல் போனைத் தாண்டிப் போகாமல் இருப்பதுபோல் வராது. நோயாளிகள், வழக்குகள், குடும்ப விஷயங்கள் பற்றிக் குறிப்பெடுப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஐபோனில் தேடல் பெட்டிக்குள் பேசினால், அந்த உரை தேடல் நிறுவனத்துக்குப் போகலாம். நோட்ஸ் செயலியில் பேசுவது வேறு, தேடல் பெட்டியில் பேசுவது வேறு.

சரி, தமிழ். தமிழ் ஆதரவு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது எந்த ஆதரவு என்று கேளுங்கள். தமிழ் விசைப்பலகை இருக்கலாம், தமிழ்க் குரல் தட்டச்சு இல்லாமல் இருக்கலாம். குரல் தட்டச்சு இருக்கலாம், அது நெட் இருந்தால் மட்டுமே ஓடலாம். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் உட்பட 30 மொழிகளைத் தன் குரல் தட்டச்சில் சேர்த்தது. நெட் இருக்கும்போது அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, என் அம்மா வாட்ஸ்அப்பில் எழுதுவதெல்லாம் அதில்தான். ஆனால் போனுக்குள் இயங்கும் மொழிகளின் பட்டியல் வேறு. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் குரல் தட்டச்சு அமைப்புகளிலும், ஐபோனில் விசைப்பலகை அமைப்புகளில் உள்ள டிக்டேஷன் பகுதியிலும் நீங்களே திறந்து பாருங்கள். போனுக்கும் பதிப்புக்கும் ஏற்ப அது மாறும்.

இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது வழி, ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாதிரி. அதைப் போனுக்குள் இயக்கும் செயலிகள் இரண்டு தளங்களிலும் உள்ளன. தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் 6,80,000 மணிநேர ஒலியில் அதைப் பயிற்றுவித்தார்கள் என்றாலும், அதில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழுக்கு ஓரளவு உருப்படியான பலன் வேண்டும் என்றால் ஸ்மால் என்ற அளவாவது தேவை, அது ஏறக்குறைய அரை ஜிபி இடம் பிடிக்கும். தமிழ் எழுத்துகளை அது துண்டு துண்டாக உடைத்து எழுதுவதால் ஆங்கிலத்தைவிட மெதுவாக வரும். 30 விநாடித் துண்டுகளாகக் கேட்டு எழுதுவதால், பேசப் பேச எழுத்து விழாது. நீண்ட மௌனம் வந்தால் நீங்கள் பேசாத வாக்கியத்தைக்கூட எழுதிவிடும். அதனால் இதை நேரடித் தட்டச்சாக நினைக்காமல், பதிவுசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத்தாக்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். வந்துட்டேன், போயிட்டாங்க என்று நாம் பேசுகிறபடி பேசினால் தடுமாறும். கொஞ்சம் மேடைத்தமிழ் போலப் பேசினால் நன்றாக வருகிறது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறி மாதிரிகளை உருவாக்கித் திறந்த மூலமாகக் கொடுத்துவருகிறது. அவை ஒரு விசைப்பலகைக்குள் வந்து உட்காரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே இதைச் செய்துபாருங்கள். மொழிப் பொதி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபை தனியாக அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு உங்கள் வேலையில் வரும் ஒரு பத்தியை, எண்களும் ஊர்ப் பெயர்களும் சேர்த்து, நடுவில் சற்று நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். விற்பனையாளர் காட்டும் குட் மார்னிங் எல்லா போனிலும் சரியாகத்தான் விழும்.