வெற்றிட சர்க்யூட் பிரேக்கரில் மின்வில் எப்படி அணைகிறது?

காற்றைக் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சி, நிரந்தரமாக மூடிய பீங்கான் குடுவைக்குள் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம்தான் வெற்றிட சர்க்யூட் பிரேக்கர். 11 கிலோவோல்ட் விநியோகத்தில் இன்று பரவலாக இருப்பது இதுவே.

மின்சாரத்தை இணைக்கும் இரு உலோகத் தொடுமுனைகள் பிரியும்போது, இடைவெளியைத் தாண்டிச் சுடர்போல மின்னோட்டம் பாய்கிறது; அதுதான் மின்வில். முனைகளிலிருந்தே கிளம்பும் உலோக ஆவி அதைத் தாங்குகிறது. திசை மாறி மாறிப் பாயும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்தைத் தொடும். அந்தக் கணத்தில் புதிய ஆவி வராது. மிச்சமிருப்பது முனைகளிலும் சுற்றியுள்ள உலோகக் கவசத்திலும் படிந்துவிடும், இட்லிப் பானை மூடியில் நீராவி முத்து முத்தாகப் படிவதுபோல. அதனால் 10 மில்லிமீட்டர் அளவு இடைவெளியே போதும்.

1926-லேயே அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சோரன்சன், மெண்டன்ஹால் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துவிட்டார்கள். சந்தைக்கு வரத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. பெரிய சிக்கல்களில் ஒன்று முனையின் உலோகம். சுத்தச் செம்பு பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். பூஜ்யத்துக்கு முன்பே, சில ஆம்பியர் மிச்சமிருக்கையில் வில் அறுந்தால் மோட்டார் சுருளில் மின்னழுத்தம் எகிறும். செம்பு-குரோமியக் கலவை இரண்டையும் வெகுவாகக் குறைத்தது. முனையில் சுருள் வடிவ வெட்டுகளும் உண்டு: காந்தவிசையால் வில் சுழன்றுகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நின்று உருக்காது.

வெற்றிடத்தில் மின்வில்லே எழாது என்று பலர் நினைக்கிறார்கள். எழத்தான் செய்கிறது, பூஜ்யம் வந்ததும் மறுபடி பற்றுவதில்லை, அவ்வளவே.