யூரியாவோடு கடற்பாசி டானிக்கையும் வாங்கச் சொல்கிறார்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தாளடி நெல்லுக்கு மேலுரம் இட யூரியா வாங்கப் போனேன். நான்கு மூட்டை யூரியாவுக்கு ஒரு லிட்டர் கடற்பாசிச் சாறு எடுத்தால்தான் பில் போடுவோம் என்று உரக்கடையில் சொல்லிவிட்டார்கள். மேலிருந்தே அப்படித்தான் சரக்கு வருகிறதாம். வேறு வழியில்லாமல் வாங்கி வந்தேன். இது சரியா? (திருவாரூர் மாவட்ட வாசகர்)

பதில்: சரியில்லை. சட்டப்படியும் தவறு. 45 கிலோ யூரியா மூட்டையின் விலையை மத்திய அரசு மானியம் தந்து 266 ரூபாய் 50 காசில் வைத்திருக்கிறது. அந்த விலைக்குக் கிடைக்க வேண்டிய பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்றால், மானியத்தின் பலன் உங்கள் கைக்கு வராமலே கரைந்துபோகிறது. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகானும், யூரியா, டிஏபி-யோடு கடற்பாசிச் சாறு போன்ற பயிர் ஊக்கிகளைத் திணிப்பதைத் தடுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு வலியுறுத்தினார்.

'மேலிருந்தே அப்படித்தான் வருகிறது' என்று கடைக்காரர் சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கும். மொத்த விற்பனையாளர் அவர் தலையில் கட்டுகிறார். அவர் உங்கள் தலையில் கட்டுகிறார். அவருடைய சங்கடம் புரிகிறது. அதற்காக அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். விரல் ரேகை வைத்து யூரியா வாங்கும்போது அந்தக் கருவியில் வரும் ரசீதில் யூரியா மட்டுமே இருக்கும். டானிக்குக்குத் தனி பில் கொடுத்தார்களா, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்களா, ஒன்றுமே கொடுக்கவில்லையா? வாங்கிய எல்லாவற்றுக்கும் ரசீது தருவதும், இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைப்பதும் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரரின் கடமை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினீர்கள் என்பதற்கு அந்த இரண்டு சீட்டுகளும்தான் சாட்சி. அவற்றின் நகலோடு மாவட்டத் தரக்கட்டுப்பாட்டு வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஒரு தொலைபேசி எச்சரிக்கையோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம்.

பாட்டிலை உடைக்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணம் கேளுங்கள். புகார் நகலைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

கேள்வி: தக்காளிக்குத் தெளிக்கக் கடற்பாசிச் சாறு வாங்க நினைக்கிறேன். கடையில் மூன்று வகை இருக்கின்றன. அரை லிட்டர் 350 ரூபாய்க்கு ஒன்று, ஒரு லிட்டர் 780 ரூபாய்க்கு ஒன்று, அரை கிலோ செதில் தூள் 1,400 ரூபாய்க்கு ஒன்று. தூள் வெளிநாட்டுச் சரக்கு, அதுதான் அசல் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது? (உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: பாட்டில் விலையை மறந்துவிட்டு, ஏக்கருக்கு ஒரு முறை தெளிக்க என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், அதாவது பத்து லிட்டர் டேங்க் இருபது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாட்டிலில் லிட்டருக்கு 5 மி.லி. என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் மருந்து வேண்டும். செலவு 700 ரூபாய். இரண்டாவதில் 2.5 மி.லி. என்றால் அரை லிட்டர்; 390 ரூபாய். தூளில் லிட்டருக்கு அரை கிராம் என்றால் 100 கிராம்தான், 280 ரூபாய். கையில் எடுக்கும்போது மலிவாகத் தெரிந்தது வயலில் எல்லாவற்றையும்விட விலை கூடியதாகிவிடுகிறது. உங்கள் கடையில் இருக்கும் பாட்டில்களில் அளவு வேறாக இருக்கலாம். அதைப் படித்து இதே கணக்கைப் போடுங்கள்.

'வெளிநாடு என்றால் அசல்' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. வெளியிலிருந்து வரும் தூள் பெரும்பாலும் அஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசியில் செய்வது. அயர்லாந்து, நார்வே, கனடாவின் கிழக்குக் கரை போன்ற குளிர்ந்த அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் அது வளர்கிறது. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தில் வேகவைத்துச் சாறெடுத்து உலர்த்துகிறார்கள். நம் ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவை கட்டி வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி. பறித்த ஈரத்தோடு அரைத்துச் சாறு பிழிந்து, சக்கையிலிருந்து, உணவுத் தொழிலில் கெட்டிப்பானாகப் பயன்படும் காராஜீனன் எடுக்கும் முறையை, பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. பல பயிர்களில் நடந்த வயல் ஆய்வுகளில் இந்தச் சாறு விளைச்சலைக் கூட்டியிருக்கிறது. ஆகவே உள்ளூர்ச் சரக்கு தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்தப் பாசி, எவ்வளவு செறிவு என்று கேளுங்கள்.

நிறத்தையும் வாசனையையும் வைத்து முடிவு செய்வதும் சரிவராது. கறுப்பாக இருந்தால் கெட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். பழுப்பு நிலக்கரி போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலமும் கறுப்புதான். அது கடற்பாசியைவிட மிக மலிவு என்பதால், அதைக் கலந்தும் கறுப்பாக்கிவிடலாம். ஈரத்தோடு பிழிந்த கப்பாபைகஸ் சாறோ இயல்பாகவே வெளிறியிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? லேபிளைத்தான். கடற்பாசிச் சாறு போன்ற உயிர் ஊக்கிகளை 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் எதையும் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்ற நிலை. பிறகு தற்காலிகப் பதிவு கொடுத்து, அதைப் பல முறை நீட்டித்து, 2025 ஜூன் 16-ஆம் தேதியோடு அதையும் முடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் ஏறத்தாழ 30,000 பொருட்கள் சந்தையில் இருந்ததாகவும், கெடுபிடிக்குப் பிறகு அவை 650 அளவுக்குக் குறைந்ததாகவும் வேளாண் அமைச்சரே சொன்னார். அலமாரியில் இருக்கும் பழைய சரக்கை உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இப்போது நிறைய இருப்பார்கள் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எனவே லேபிளில் பாசியின் பெயர், சாற்றின் சதவீதம், தயாரித்த மாதம், காலாவதித் தேதி, தொகுதி எண், உற்பத்தியாளர் முகவரி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பொருளுக்கு மத்திய அரசின் அறிவிக்கை இருக்கிறதா, அதில் எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று சொல்லியிருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அறிவிக்கையில் பயிரின் பெயரும் அளவும் குறிப்பிடப்பட்டிருக்கும். தக்காளி அதில் இல்லையென்றால் உங்கள் தோட்டத்துக்கு அது வேண்டாம். 'பூச்சியையும் விரட்டும், நோயையும் தடுக்கும்' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள். உயிர் ஊக்கி என்று விற்கும் பொருளில் பூச்சிக்கொல்லி 0.01 பிபிஎம்-க்கு (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பூச்சி உண்மையிலேயே செத்தால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கலாம்.

தெளித்த சில நாட்களில் செடி கிடுகிடுவென்று நீண்டு, கணுக்களின் இடைவெளி கூடி, இலை வெளிறினால் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஊக்கி கலந்திருந்தால் செடி அப்படித்தான் நீளும்.

கேள்வி: கடற்பாசிச் சாறு தெளித்தால் உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று நிறுவனப் பிரதிநிதி கூட்டம் போட்டுச் சொன்னார். குறைக்கலாமா? (விருத்தாசலம் வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜன்) பயிர் எடுத்துக்கொள்கிறது. அரை லிட்டர் சாற்றில் அந்தச் சத்து எங்கிருந்து வரும்? கடற்பாசியில் அதிகமாக இருப்பதாகச் சொல்லப்படும் சாம்பல் சத்தையே (பொட்டாஷ்) எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அரை லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் சத்து என்று தாராளமாக வைத்தாலும் 100 கிராம்தான். 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ இருக்கிறது.

சாறு செய்யும் வேலை வேறு. அதில் மிகச் சிறிய அளவில் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருட்களும், பீட்டேன், மேனிட்டால், பாசிக்கே உரிய சர்க்கரைகளும் இருக்கின்றன. வேர் பிடிக்கவும், வெயிலையும் உப்பையும் தாங்கவும், மண்ணில் இருக்கும் சத்தை எடுத்துக்கொள்ளவும் அவை பயிருக்குத் துணை நிற்கின்றன. அதனால்தான் செழிப்பாக நிற்கும் வயலில் தெளித்தவர் 'ஒன்றும் தெரியவில்லை' என்கிறார். வறட்சியில் வாடிய மிளகாய்க்குத் தெளித்தவர் பலன் கிடைத்தது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நாற்று நட்ட பிறகு, பூக்கும் முன், காய் பிடிக்கும்போது, வறட்சியோ உப்புத்தண்ணீரோ வாட்டும்போது கொடுத்தால் பயன் அதிகம்.

மண் பரிசோதனை அட்டை சொல்லும் உரத்தை முழுதாக இடுங்கள். சாற்றை முதல் முறை வாங்கும்போது சிறிய பொட்டலம் போதும். வயலில் ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோலச் செய்யுங்கள். அறுக்கும்போது இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். கூடுதலாகக் கிடைத்த நெல்லின் விலை, மருந்துச் செலவையும் தெளிப்புக் கூலியையும் தாண்டினால் அடுத்த போகத்துக்கும் வாங்கலாம். கூட்டத்தில் காட்டும் படங்களைவிட உங்கள் வயலின் எடைக்கு மதிப்பு அதிகம்.

கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே டேங்கில் இதைக் கலக்க வேண்டாம். பழுப்புப் பாசியில் இருக்கும் ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்தால் கூழாகித் தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும். வேறு எதைக் கலப்பதென்றாலும் முதலில் ஒரு சிறிய பாத்திரத்தில் கலந்து, அரை மணி நேரம் திரிகிறதா, படிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கடற்பாசி மருந்து தெளித்த மூன்றாம் நாள் வெண்டைச் செடிகள் கருகிவிட்டன. கடையில் கேட்டால், அளவு கூடியிருக்கும் என்கிறார்கள். பாட்டில் காலி. இனி வழக்குப் போட முடியுமா? (பெரியகுளம் வாசகர்)

பதில்: முடியும். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளும் அடியில் ஒட்டியிருக்கும் சில துளிகளும் உதவும். கருகிய செடிகளை, தேதி பதிவாகும்படி இன்றே படம் எடுங்கள். அவற்றைப் பிடுங்கும் முன் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, வயலைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லுங்கள். வழக்கில் பெரும்பாலும் அந்த அறிக்கைதான் முதுகெலும்பு. அதே தொகுதி எண்ணில் கடையில் மிச்சம் இருந்தால் மாதிரி எடுக்கும்படி உர ஆய்வாளரிடம் கேளுங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

விவசாயி நுகர்வோரே இல்லை, பரிசோதனை அறிக்கை இல்லாமல் புகார் செல்லாது என்றெல்லாம் நிறுவனங்கள் வாதாடியது உண்டு. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விவசாயி நுகர்வோர்தான் என்றும், விதை முழுவதையும் விதைத்துவிட்டவரிடம் மாதிரி கேட்பது நியாயமில்லை என்றும் சொன்னது. காலி பாட்டிலோடு நிற்கும் உங்களுக்கும் அந்தத் தீர்ப்பு துணைக்கு வரும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; நிறுவனம் குஜராத்தில் இருந்தாலும் கவலையில்லை. கடைக்காரர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஆனால் நீங்கள் எந்த அளவில் கலந்தீர்கள், அதோடு வேறு மருந்து சேர்த்தீர்களா, என்ன நேரத்தில் தெளித்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். உச்சி வெயிலில் இரட்டை அளவு தெளித்திருந்தால் எதிர்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கரையில் புயலுக்குப் பிறகு பாசி மலைபோல் ஒதுங்குகிறது. காசு கொடுத்து வாங்காமல் அதையே தென்னைக்குப் போடலாமா? (தொண்டிக்கு அருகிலிருந்து வாசகர்)

பதில்: தாராளமாகப் போடலாம். தமிழகத்திலும் கேரளத்திலும் கடலோரத் தென்னந்தோப்புகளில் காலங்காலமாக இட்டுவரும் எருதான் அது. கரை ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே இறங்கிப் பறிப்பது குற்றம். மேலும் கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்ற பாசி வகைகள் அந்தக் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்துப் பிழைக்கும் பொருட்கள்.

எடுத்த பாசியை இரண்டு மூன்று மழையில் நனையவிட்டோ நல்ல தண்ணீரில் அலசியோ உப்பைப் போக்குங்கள். சாணம், தென்னை மட்டைத் துண்டுகளோடு சேர்த்து மக்கவைத்துக் குழியில் இடுங்கள். வீட்டில் ஊறவைத்த சாற்றை இலையில் தெளிப்பதாக இருந்தால் முதலில் ஒரே ஒரு செடியில் தெளித்து, ஒரு வாரம் பாருங்கள். உப்பு மிஞ்சியிருந்தால் இலை நுனி கருகும்.